வேலையை விடலாமா என்று யோசிப்பவருக்கு மலையில் என்ன தொழில்?

கோத்தகிரி_கணக்கன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு ஹட்டிதான் (படுகர் சிற்றூர்) என் சொந்த ஊர். கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. வார இறுதியில் ஊருக்கு வந்து போகிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை இனி அவரால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதால், வேலையை விட்டுவிட்டு மலையிலேயே ஏதாவது தொழில் தொடங்கலாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கு இதில் அரைச் சம்மதம். மாமனாருக்குத் துளியும் சம்மதம் இல்லை.

இப்போதைக்கு மூன்று யோசனைகள் இருக்கின்றன. வீட்டின் மாடியில் இருக்கும் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக மாற்றுவது முதலாவது. எங்கள் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல், நாங்களே கையால் உருட்டி உயர்தரத் தேயிலையாக விற்பது இரண்டாவது. இலை கிலோ இருபது ரூபாய் அளவில் போகும்போது, நல்ல தேயிலை கடையில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்கிறது. மூன்றாவது, மனைவி கற்றுவைத்திருக்கும் சாக்லேட். கையில் உள்ள சேமிப்பு குடும்பச் செலவுக்கு ஓராண்டு தாங்கும். அதைத் தொழிலில் போட்டால் அதுவும் இல்லை.

ஒரு யோசனை தேறுமா தேறாதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை வேலையில் இருந்துகொண்டே எவ்வளவு தூரம் சோதித்துப் பார்க்க முடியும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சூர்_பஸ் எழுதியது:

தம்பி, மனம் நோகச் சொல்வதாக எண்ண வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றும், ஊட்டிக்கு இரண்டு நாள் சுற்றுலா வந்தவருக்கே மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தோன்றிவிடுகிற யோசனைகள். சேரிங் கிராஸிலிருந்து தாவரவியல் பூங்கா வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சாக்லேட், தேயிலை, தைலம், வர்க்கி என்ற நான்கையும் ஒரே கடையில் அடுக்கி விற்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்பதற்கு நல்ல காரணம் ஏதாவது வேண்டாமா?

ஹோம்ஸ்டே விஷயத்தில் சட்டத்தை முதலில் பாருங்கள். குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டை விடுதியாக நடத்துவது மலையில் சிறிய விஷயம் அல்ல. 2019 இல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விதிமீறிய கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் சீல் வைக்கப்பட்டன. பிறகு 2024 மே 7 முதல் நீலகிரி, கொடைக்கானல் இரண்டு மலைகளுக்கும் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். உங்கள் வாடிக்கையாளர் மலையேறுவாரா என்பதை நீங்களோ அவரோ தீர்மானிக்காத தொழில் அது.

தேயிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை, நானும் அரை ஏக்கர் வைத்திருக்கிறவன்தான். ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பசுந்தேயிலை வேண்டும். கையால் உருட்டும் தேயிலைக்கு இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். கத்தரியால் எடை பார்த்து வெட்டிப் பழகிய ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது, கிள்ளத் தெரிந்த பெண்கள் இப்போது கிடைப்பதும் அரிது. இலையை ஓர் இரவு முழுக்க வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், பதம் பார்த்து உலர்த்த வேண்டும். உலர்ந்த தூள் காற்றில் உள்ள ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பதால் நம் ஊர் மூடுபனியில் அதைப் பாதுகாப்பதே தனி வேலை. செய்ய முடியாது என்று சொல்லவில்லை. குன்னூர்ப் பக்கம் சிலர் அருமையாகச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருகிறவரால் முடியாது என்கிறேன்.

மேல்குன்னூர் எழுதியது:

கணக்கரே, மஞ்சூர் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எது ஆகாது என்பதோடு நிறுத்திவிட்டார். நான் எப்படித் தொடங்கினேன் என்பதைச் சொல்கிறேன்.

குன்னூரில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்த்தவள் நான். ஊட்டியும் கூடலூரும் தென்மேற்குப் பருவத்தில் நனைந்தால், குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தில்தான் நன்றாக நனையும் என்பது உங்களுக்கே தெரியும். அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை படுக்கை விரிப்புகளைத் துவைக்கலாம், உலர்த்த முடியாது. படிக்கட்டுக் கைப்பிடியிலும் சாப்பாட்டு அறை நாற்காலிகளின் முதுகிலும் விரிப்புகள் தொங்கும். பையன்கள் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்தே ஈரத்தை வாங்குவார்கள். மடித்து அலமாரியில் வைத்த மறுநாள் பூஞ்சை வாடை வரும். விருந்தினர் தலையணை உறையை முகர்ந்து பார்த்துவிட்டு வரவேற்பறைக்குத் தொலைபேசி செய்வார். அந்தத் தொலைபேசியை எடுக்கிற ஆள் நான்.

பெரிய ஓட்டல்களில் உலர்த்தும் இயந்திரம் உண்டு. ஐந்தாறு அறைகள் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அவரும் இந்தச் சிக்கலுக்காக ஏற்கெனவே செலவு செய்துகொண்டுதான் இருந்தார்: கூடுதலாக இரண்டு செட் விரிப்புகள், இஸ்திரிக்கு மின்கட்டணம், முகம் சுளித்த விருந்தினருக்கு வாடகையில் தள்ளுபடி. என்னைப் பொறுத்தவரை யோசனை தேடுவது என்றால் இதுதான். ஒரே முறையீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதைச் சமாளிக்க மக்கள் ஏதோ ஒரு வழியில் காசு செலவழிக்கிறார்கள். அந்த வழியில் அவர்களுக்குத் திருப்தி இல்லை. இந்த மூன்றும் சேராத இடத்தில் நான் கை வைக்கமாட்டேன்.

இயந்திரம் வாங்கித் தொடங்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் வெயில் இருக்கிறது, சலவைக்கூடங்களும் இருக்கின்றன. கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகள் திரும்பும்போது பெரும்பாலும் காலியாக வரும். தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் பேசி, காய்கறி வாடை ஏறாதபடி கனத்த தார்ப்பாய்ப் பைகளில் கட்டி அனுப்பினேன். இறங்கும்போது மூட்டைகளுக்கு மேல் இரண்டு பைகள், ஏறும்போது வண்டி முழுக்க இடம். விடுதி வேலை முடிந்து மாலையில் பைகளை வாங்குவது, மறுநாள் மாலையில் கொடுப்பது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடியது. லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் யார் மாதம் தவறாமல் பணம் தருகிறார், யார் நாளை நாளை என்று இழுக்கிறார், ஒரு விரிப்புக்கு எவ்வளவு வரை சிணுங்காமல் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. பர்லியாறு சாலையில் மண் சரிந்து வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும் நாட்களில் பைகள் வந்து சேராது. அப்போது வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டிய விதத்திலிருந்தே இந்தச் சேவை அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பது புரிந்தது. அதன் பிறகுதான் குன்னூரிலேயே இடம் பிடித்து, எரிவாயுவில் ஓடும் உலர்த்தும் இயந்திரம் வாங்கினேன். வேலையை விட்டது அதற்கும் பிறகு.

இன்னொன்று. மே மாதத்தில் மலையில் எதை வைத்தாலும் விற்கும். மலர்க் கண்காட்சி வாரத்தில் வேகவைத்த சோளம் விற்பவரைப் பார்த்து, ஆண்டு முழுக்க அதே வருமானம் என்று கணக்குப் போட்டவர்களை நான் அறிவேன். என் கணக்குப் புத்தகத்தில் ஏப்ரல், மே வரவைத் தனிப் பக்கத்தில் எழுதுகிறேன். தொழில் நிற்குமா என்று பார்க்க மற்றப் பத்து மாதங்களை மட்டுமே கூட்டுகிறேன். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் உங்களுக்குக் காசு தரப்போகிறவர் யார் என்று ஒவ்வொரு யோசனையிடமும் கேட்டுப் பாருங்கள்.

பண்ணைக்காட்டான் எழுதியது:

குன்னூர் அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பழனி மலைக்காரன். வத்தலக்குண்டில் ஓர் அலுவலகத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே காப்பி விற்கிறேன். இன்னும் வேலையை விடவில்லை, விடும் அவசரமும் இல்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் எல்லாம் நிழல் மரங்களுக்குக் கீழே அராபிகா, அதன் ஊடே மிளகும் மலைவாழையும்தான். எங்கள் வீட்டிலும் நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கி, உலர்த்தி, வியாபாரியிடம் கொடுத்துவிடுவது வழக்கம். வறுத்த தூளாக விற்றால் நல்ல விலை கிடைக்குமே என்ற எண்ணம் கணக்கருக்குத் தேயிலையில் வந்தது போலவே எனக்கும் வந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான், ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்து ஆறு கிலோ பழம் வேண்டும், வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும், அதற்கு மேல் உறை, வண்டிக்கூலி, கடைக்காரரின் பங்கு என்று வரிசையாக வந்து நின்றன. கடையில் விற்கும் விலையிலிருந்து தோட்டத்து விலையைக் கழித்தால் வருவது லாபம் அல்ல. அந்த இடைவெளியில் ஏற்கெனவே ஐந்து பேர் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் செய்யும் வேலையை இனி நீங்கள் செய்ய வேண்டும்.

நான் வறுக்கும் இயந்திரம் வாங்கவில்லை. காப்பி பதப்படுத்தும் தொழிலில் பழகிய ஊர் பட்டிவீரன்பட்டி; மலையடிவாரத்தில் அப்படிக் கூலிக்கு வறுத்து அரைத்துத் தருபவர்கள் இருக்கும்போது என் பணத்தை ஏன் இரும்பில் முடக்க வேண்டும்? முதலில் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் உறவினர் வீடுகளுக்கும் அவர்களின் அண்டை வீடுகளுக்கும் கால் கிலோ பொட்டலங்களாக விற்றேன். இலவசமாக யாருக்கும் கொடுக்கவில்லை. சும்மா கொடுத்தால் எல்லாரும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். அடுத்த மாதம் அவர்களாகவே கூப்பிட்டுக் கேட்கிறார்களா என்பதில்தான் உண்மை இருக்கிறது. கலப்படம் இல்லாத சுத்தக் காப்பி என்று நான் பெருமையாகக் கொண்டுபோனதைப் பாதி வீடுகள் திருப்பிவிட்டன. அவர்களுக்கு டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்க வேண்டும், அதற்கு 20 சதவீதம் சிக்கரி வேண்டும். இப்போது இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். சிக்கரி கலந்ததை அந்தச் சதவீதம் அச்சிட்ட உறையில்தான் கொடுக்கிறேன்.

மெஸ்களுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் கொடுக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அங்கே அளவு அதிகம்தான், ஆனால் எல்லாம் கடன். மாதச் சம்பளம் வருகிறவரை அந்தக் கடனைத் தாங்கிக்கொள்ளலாம். வேலையை விட்ட பிறகு, இரண்டு மெஸ்களில் நிற்கும் பாக்கியே உங்கள் வீட்டு மளிகைச் செலவாக இருக்கும்.

கோத்தகிரி_கணக்கன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாக்லேட்டை மனைவியே முதல் ஆளாகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். மஞ்சூர் அண்ணாவின் பதிவைப் படித்துக் காட்டியதன் விளைவு. ஹோம்ஸ்டேயைக் கட்டட அனுமதிக் காகிதங்களைப் பார்க்கும்வரை தள்ளிவைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் தொழில் செய்வது நிறுவனத்துக்குத் தெரிந்தால் சிக்கல் வருமா? மனைவியின் பெயரில் தொடங்கினால் சரியாகிவிடுமா? அடுத்தது, மானியத்துடன் கடன் கிடைக்கிறது என்கிறார்கள், அதை நம்பி ராஜினாமா கொடுக்கலாமா?

பழைய_மேலாளர் எழுதியது:

ஐயா, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு மலைகளிலும் கிளை மேலாளராக இருந்திருக்கிறேன். கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

உங்கள் பணி நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், அது உங்களைக் கட்டுப்படுத்தும். வேலையை விட்ட பிறகும் இன்ன தொழில் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால், 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆவது பிரிவின்படி பெரும்பாலும் அது செல்லாது. ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களையோ கோப்புகளையோ எடுத்துச் செல்வது வேறு கதை. மனைவி உண்மையாகவே தொழிலை நடத்துகிறார் என்றால் அவர் பெயரில் இருப்பது முறைதான். பெயர் மட்டும் அவருடையது, வேலை முழுவதும் உங்களுடையது என்றால் நிபந்தனையை மீறியதாகவே நிறுவனம் வாதிடலாம். அரசு ஊழியர்களுக்கு இதைவிடக் கடுமையான நடத்தை விதிகள் உண்டு; இழையைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கவனத்தில் கொள்ளட்டும்.

மானியத்தைப் பொறுத்தவரை, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டமும் உண்டு. விண்ணப்பம், ஆலோசனை எல்லாவற்றுக்கும் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு: பிரதமர் திட்டத்தின் மானியம் உங்கள் கையில் பணமாக வராது, மூன்று ஆண்டுகள் வைப்பாக முடங்கியிருந்து பிறகுதான் கடனில் கழியும். மாதத் தவணை அதற்காகக் காத்திருக்காது. மானியம் இருக்கிறது என்பதற்காகவே தேவையில்லாத இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதற்கேற்ற தொழிலைத் தேடிக்கொண்டிருந்தவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. நான்கரை ஆண்டு ஆகிறது என்றீர்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் அதைச் சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட ஆறு மாதம் பொறுப்பது நல்லது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 69,000 ரூபாய் வரும். அதே போல, வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணி தேவை என்பதால், முழுப் பணத்தையும் எடுப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு நீங்கள் வெளியேறுவதோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்கிறீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிப் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கக்கூடும். ஆகவே சம்பளம் வரும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள்.

பூம்பாறை_பேத்தி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புவிசார் குறியீடு கிடைத்த பொருளாகப் பார்த்து வியாபாரம் செய்யலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இலும் ஊட்டி வர்க்கிக்கு 2023 இலும் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரை முறையாகப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். குறியீடு வந்த பிறகும் வடுகபட்டிச் சந்தையில் பூண்டின் விலை அன்றைய வரத்தைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. தாத்தா வீட்டுப் பூண்டை நேரடியாக வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தேன். விற்பதில் சிக்கல் வரவில்லை, மலைமேல் வந்து பொதியை எடுத்துக்கொள்ளும் கூரியர்தான் கிடைக்கவில்லை. வத்தலக்குண்டு வரை இறக்கிக்கொண்டுபோனால்தான் கட்டுப்படியாகிறது. பொருள் என்ன என்று யோசிக்கும்போதே அது எப்படி இறங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மேல்குன்னூர் எழுதியது:

கணக்கரே, உங்களிடம் இருப்பதை நீங்களே பட்டியலில் சேர்க்கவில்லை. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பில்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பவர்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய ஆள் தேடி ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைகிறார்கள், தாமதக் கட்டணம் கட்டுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மாதம் ஒருமுறை நேரில் வந்து கணக்கை முடித்துக்கொடுக்கும் ஒருவருக்கு நான் இன்றைக்கே பணம் தருவேன், நவம்பரிலும் தருவேன்.

கோத்தகிரி_கணக்கன் எழுதியது:

அக்கா, உண்மையைச் சொன்னால் கணக்கு வேலையிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் மலைக்கே வர நினைத்தேன். ஆனாலும் நேற்று ஊரில் விசாரித்தேன். கோத்தகிரி கடைவீதியில் மட்டும் மூன்று பேர் உடனே வரச் சொன்னார்கள். அதில் ஒருவர் பையோடு பில்களைக் கையில் திணித்துவிட்டார். நியமன ஆணையில் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வேறு வருமானம் கூடாது என்று இருக்கிறது. அனுமதி கேட்டு மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதப்போகிறேன், பதில் வரும்வரை பையைத் திறக்கமாட்டேன். அனுமதி கிடைத்தால் வார இறுதிகளில் நான்கைந்து பேருக்கு மட்டும் செய்து, இந்த வடகிழக்குப் பருவம் முடியும்வரை பார்க்கிறேன். அதற்குள் பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டும் நிறைந்துவிடும். தோட்டத்தில் ஒரு மூலையை மட்டும் கிள்ளித் தேயிலை உருட்டிப் பார்ப்பதாக அப்பா சொல்கிறார். அது அவருடைய சோதனை. நான் பி.காம் மட்டும்தான் படித்திருக்கிறேன். பிறருடைய ஜிஎஸ்டி படிவத்தை நான் தாக்கல் செய்யலாமா?

பழைய_மேலாளர் எழுதியது:

வணிகவியல் பட்டம் போதும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பிறருக்காகப் படிவம் தாக்கல் செய்பவராக (GST Practitioner) பதிவு செய்து, அதற்கான தேசியத் தேர்வில் தேற வேண்டும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட உங்களுக்கு உரிமை இல்லை. அது தேவைப்படும் வாடிக்கையாளருக்காகப் பட்டயக் கணக்காளர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தை அந்தந்த மாதமே வாங்கிவிடுங்கள். பண்ணைக்காட்டுத் தம்பி சொன்ன மெஸ் பாக்கி கணக்கருக்கும் வரும்.